அடிவாரம் தளத்தில் ஜன்னல் கிடையாது

"ஜன்னல் அதுல சேராது சார்."

தொலைபேசியில் அந்தப் பெண் இதைச் சொன்ன குரல் எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். மயோனைஸுக்குத் தனிக் காசு என்று நான் என் வறுவல் வண்டியில் நின்றுகொண்டு சொல்கிறேனே, அதே குரல். அதனால் முதலில் எனக்குக் கோபம் வரவில்லை.

"கார் பந்தயம் பாக்கத்தானே மேடம் வர்றோம்?" என்று கேட்டேன்.

"கண்டிப்பா சார். பாக்குறது மட்டும் தனி."

"ரெண்டு பேருக்கு, ஒரே நாளைக்கு, எட்டாயிரத்து நானூறு யூரோன்னு சொல்றீங்க. அதுல என்னதான் சேரும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். புத்தகத்தைப் புரட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"நீங்க வந்திருந்தீங்கங்கிறது சேரும் சார்" என்றாள்.

நான் கட்டிவிட்டேன். ஏன் கட்டினேன் என்று சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் இஷ்டம்.

என் பெயர் கிஸ்லேன். ஆர்டென் மலையில் மால்ரூ பந்தயத் திடலை ஒட்டியிருக்கும் ஊர் எங்களுடையது. உருளைக்கிழங்கு வறுவல் விற்கிறவன். மாட்டுக் கொழுப்பில், இரண்டு தடவை வறுத்து, காகிதக் கூம்பில் கொடுக்கிறவன். திடலின் கொண்டை ஊசி வளைவுக்குப் பின்னால்தான் பல வருடம் என் வண்டி நின்றது. வேலியில் ஒரு ஓட்டை உண்டு. சட்டியைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்தால் கார்கள் வளைந்து போவது முழுதாகத் தெரியும். சல்லிக்காசு செலவில்லை. பிறகு நிர்வாகத்துக்கு 'அதிகாரபூர்வச் சுவைப் பங்காளி' என்று ஒரு கம்பெனி கிடைத்தது. எங்கள் வாசனை அவர்களுடைய சுவையைக் கெடுக்கிறதாம். வண்டிகளையெல்லாம் விரட்டிவிட்டார்கள். இப்போது நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் நிற்கிறேன். அங்கேயிருந்து பெட்ரோல் பங்க் தெரிகிறது.

என் மகள் ஓரியான் இளையோர் ஃபார்முலாவில் கார் ஓட்டுகிறாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நன்றாக ஓட்டுகிறாள். மழையில் இன்னும் நன்றாக ஓட்டுவாள். ஆனால் இந்தத் தொழிலில் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஓட்டுகிறவர்தான் அணிக்குப் பணம் கட்ட வேண்டும். அவளோடு ஓட்டுகிற பையன்களின் அப்பாக்கள் வங்கி வைத்திருக்கிறார்கள், கப்பல் வைத்திருக்கிறார்கள். நான் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறேன்.

போன கோடையில் அணி முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கிஸ்லேன், உன் பொண்ணு தங்கம். ஆனா அடுத்த வருஷத்துக்கு ஒரு ஸ்பான்சரைக் கொண்டு வா. இல்லேன்னா சீட்டை வேற பையனுக்குக் குடுக்க வேண்டியதுதான். எனக்கும் வயிறு இருக்கில்ல?"

"மெத்தைக் கம்பெனி வாத்லேகிட்ட கேட்டிருக்கேன். ஒரு தடவை அவ ஓட்டறதைக் கண்ணால பாத்தா முடிவு பண்ணிடறேன்னு சொல்றாரு. மால்ரூவுக்குக் கூட்டிட்டு வர்றேன், புல்வெளியில நின்னு பாக்கட்டும்."

முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஸ்பான்சர் புல்லு மேல நிக்க மாட்டான்யா. கம்பளத்து மேலதான் நிப்பான்."

வாத்லே எனக்குப் புதியவர் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் என் வண்டிக்கு வந்து பெரிய கூம்பு, இரண்டு சாஸ் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு போகிற மனிதர். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு முதலாளி. அவர் புல்மேல் நிற்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவர் பேச்சைக் கேட்டேன். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் என் இரண்டாவது வண்டியை விற்றேன். மால்ரூ விருந்தினர் மாளிகையில் இரண்டு இடத்துக்குப் பணத்தைக் கட்டினேன்.

"அந்த வண்டியை வித்த காசுக்குத் திடலையே ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, அந்த ஆளுக்கு மட்டும் ஓட்டிக் காட்டியிருக்கலாமே" என்றாள் என் மனைவி ஜோசியான்.

அவள் சொன்னது சரி. பணம் கட்டிய பிறகு சொன்னாள்.

வாத்லே தன் கண்ணால் ஓரியானைப் பார்க்க வேண்டும். பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை இது ஒன்றுதான்.

விருந்தினர் மாளிகைக்கு நான்கு தளங்கள். அடிவாரம், சரிவு, முகடு, சிகரம் என்று பெயர். எங்களுடையது அடிவாரம். அது மூன்றாவது மாடியில் இருந்தது. சிகரம் தரையில் இருந்தது. சிகரம் வாங்குகிறவர்கள் படி ஏறக்கூடாது என்பதால் இந்த ஏற்பாடு என்று வாசலில் நின்றவன் விளக்கினான். விளக்கும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்குத்தான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாளிகைக்குள் போக ஒரு கண்ணாடிக் குகை வழியாக நடக்க வேண்டும். உள்ளே டயர் தேய்ந்த நாற்றம் அடித்தது.

"பந்தயம் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், இது எங்க தைலம்" என்றாள் எங்களை வரவேற்க வந்த பெண். கோராலி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். "நிஜ வாசனை எல்லா நேரமும் ஒரே தரத்துல வர்றதில்ல. காத்து திரும்பிடுது. அதனால பாரிஸ்ல சொல்லிச் செஞ்சது."

வாத்லே கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "அடடா. இதுதான்யா பந்தயம்!"

கோராலி எங்கள் மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை கட்டினாள். கழற்றினால் மறுபடி கட்ட முடியாது, கட்டிக்கொண்டு வெளியே போனால் உள்ளே வர முடியாது. பிறகு காதடைப்பான் கொடுத்தாள். பிறகு, சத்தம் உள்ளே கேட்காது, அதனால் காதடைப்பான் நினைவுப் பரிசாக மட்டும், என்றாள்.

மூன்றாவது மாடியில் பெரிய கூடம். கம்பளத்தில் கால் கணுக்கால்வரை புதைந்தது. ஒரு சுவர் முழுக்கத் திரைச்சீலை தொங்கியது. திரைச்சீலைக்கு முன்னால் வீட்டுக் கதவு அகலத்துக்குத் தொலைக்காட்சித் திரைகள். அவற்றில் விருந்தினர்கள் படி ஏறி வருவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தங்களைத் தாங்களே தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால என்ன மேடம்?"

"திடல் சார்."

"கொஞ்சம் விலக்கலாமே."

"வெளிச்சம் பட்டா டிவி மங்கிடும் சார்."

வாத்லே பக்கத்தில் நின்றார். நான் சிரித்தேன். அன்று முழுக்க அப்படித்தான் சிரித்தேன், சாயங்காலம் தாடை வலித்தது.

"பந்தயத்தை எப்படி மேடம் பாக்குறது?"

"டிவியில முக்கியப் பந்தயம் மட்டும் காட்டுவோம். இளையோர் பந்தயம் அடிவாரத்துக்கு வராது. ஜன்னல் அனுமதி முகடுலேர்ந்து ஆரம்பிக்குது. ஆனா" என்று குரலைத் தாழ்த்தினாள், "நீங்க விருப்பப்பட்டா ஓட்டுநர் சந்திப்பு சேத்துக்கலாம். ஒரு ஓட்டுநர் நேர்ல வந்து உங்க விருந்தினரோட பேசுவாங்க."

எனக்குள் விளக்கு எரிந்தது. "எந்த ஓட்டுநர்னு நான் சொல்லலாமா?"

"பேரு சொல்லுங்க சார்."

சொன்னேன். அவள் கையிலிருந்த பலகையைத் தட்டிப் பார்த்தாள். "ஓரியான்... ஆமா, இருக்காங்க. இவங்களை யாருமே கேக்கல சார்."

அறுநூறு யூரோ. அட்டையைத் தேய்த்தேன். ஜன்னல் இல்லாவிட்டால் என்ன, என் மகளே நேரில் வந்து வாத்லேயிடம் பேசப்போகிறாள். இதைவிட நல்ல யோசனை யாருக்கு வந்திருக்கும்? என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். எப்போது வருவாள் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக்கும் இயக்குநர் உரைக்கும் நடுவில் என்றாள் கோராலி. நானும் தலையாட்டினேன். அந்த நடுவில்தான் இளையோர் பந்தயம் கிளம்புகிறது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சாப்பாடு வந்தது. ஆறாவது தட்டில், விரல் உயரத்துக்கு ஒரு செப்புப் பாத்திரத்தில், எட்டு வறுவல் துண்டுகள் நின்றுகொண்டிருந்தன. பரிமாறியவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆர்டென் நினைவு" என்று அறிவித்தான். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். உறையவைத்துப் பையில் வந்த கிழங்கு. ஒரே தடவை வறுத்தது. சூரியகாந்தி எண்ணெய். என் வண்டியில் இதை யாராவது கொடுத்திருந்தால் நானே அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

"கிஸ்லேன்!" என்றார் வாத்லே. அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த மாதிரி வறுவல் என் ஜென்மத்துல சாப்பிட்டதில்லய்யா!"

"நானும்தான் சார்" என்றேன்.

கோராலி ஒரு சின்ன மணியை அடித்தாள். கதவு திறந்து ஓரியான் வந்தாள். வெள்ளைப் பந்தய உடுப்பு, கையில் தலைக்கவசம், ஈரமான நெற்றி. என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. நேராக என் காதருகே வந்தாள்.

"அப்பா, யாருப்பா இதை ஏற்பாடு பண்ணினது?"

"நான்தான்டா கண்ணு."

"இப்பவாப்பா? நான் தகுதிச் சுற்றுல ரெண்டாவதுப்பா. முன்வரிசை! காருங்க நிக்கிற பிட்டோட வாசலை மூடறதுக்குள்ள என் கார் வெளியே போகணும். இல்லேன்னா எல்லாரும் கிளம்பினப்புறம் பிட்லேர்ந்து கடைசியா கிளம்பணும்."

கோராலியிடம் ஓடினேன். "மேடம், போதும். பாத்தாச்சு, ரொம்ப சந்தோஷம். அவளை விட்டுடுங்க."

"அரைமணி நேரம்னு ஒப்பந்தம் சார். நடுவுல போனா அவங்க அணிக்கு அபராதம் போடுவாங்க. அடுத்த பந்தயத்துல விட மாட்டாங்க."

"காசை நான்தானே கட்டினேன்? நானே வேணாங்கிறேன்!"

"கட்டினது நீங்க சார். ஆனா இப்ப இது அனுபவமாயிடுச்சு. அனுபவத்தைத் திருப்பி வாங்க வழியில்ல." அவள் கெட்ட பெண் அல்ல. சொல்லும்போது அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது. "நானும் ஒரு அப்பாவுக்குப் பொண்ணுதான் சார். என் கையில ஒண்ணும் இல்ல."

இதற்குள் ஓரியானைச் சுற்றி வரிசை நின்றுவிட்டது. அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒருவர் படம் எடுத்துக்கொண்டார், அதைப் பார்த்து அடுத்தவர் வந்தார், அதைப் பார்த்து ஓட்டல் முதலாளிகள் நான்கு பேர் ஒரே மேசையிலிருந்து எழுந்து வந்தார்கள். ஒருவர் தன் நாய்க்குட்டியை அவள் தலைக்கவசத்துக்குள் உட்காரவைத்துப் படம் எடுத்தார். ஓர் அம்மாள் ஓரியானின் கன்னத்தைத் தடவி, "இவ்வளவு சின்னப் பொண்ணா இருக்கியே, உனக்கு பயமா இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

"லேட்டாயிடுமோன்னுதான் பயமா இருக்கு மேடம்" என்றாள் ஓரியான்.

எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல நகைச்சுவை உணர்வு என்றார்கள்.

வாத்லே பெருமை தாங்காமல், எல்லோருக்கும் அவளை அறிமுகம் செய்துவைத்தார். "நம்ம பொண்ணு! நம்ம பொண்ணு!" ஓட்டல்காரர்கள் அவளிடம் கை கொடுத்துவிட்டு அவரிடமும் கை கொடுத்தார்கள். என்ன தொழில் என்று விசாரித்தார்கள். மெத்தை என்றார். அப்படியா, உட்காருங்கள், என்றார்கள்.

கோராலியின் மணி மறுபடி அடித்தபோது ஓரியான் தலைக்கவசத்தை நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மூன்று மாடி. மின்தூக்கி சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மட்டும் என்பதால் படியில் ஓடினாள். பிட் வாசல் மூடியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் தெரிந்ததுபோலவே நான் அந்தக் கம்பளத்தில் நின்றேன். என் கையாலேயே, காசு கொடுத்து, என் மகளை முன்வரிசையிலிருந்து கடைசிக்கு இழுத்துவிட்டேன்.

அப்போது விளக்குகளை அணைத்து, இயக்குநரை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிவியே கோலார், விருந்தோம்பல் அனுபவங்களுக்கான தலைமை இயக்குநர். நல்ல உயரம், நல்ல பல். திரைச்சீலைக்கு அப்பால் எங்கோ தேனீக் கூட்டம் இரைவதுபோல லேசாகக் கேட்டது. கார்கள் கிளம்பிவிட்டன.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார் கோலார். "நான் சின்ன வயசுல இங்க வந்தப்ப ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? புல்லுல நின்னு காரைப் பாத்தாங்க. மழையில நனைஞ்சாங்க. கத்தினாங்க. பாக்கவே பாவமா இருக்கும். இன்னிக்கு, உங்கள்ல யாராவது ஒருத்தர் நனைஞ்சிருக்கீங்களா?"

இல்லை என்று கூடம் சொன்னது.

"நாங்க ஆராய்ச்சி பண்ணோம். பெரிய செலவு பண்ணி. நம்ம விருந்தினர்கள் பந்தயத்தை எவ்வளவு நேரம் பாக்குறாங்க? சாப்பாட்டுல சந்தேகம் வந்தா மட்டும்தான் நிமிர்ந்து பாக்குறாங்க. அதனால சாப்பாட்டைச் சரிபண்ணினோம்! பந்தயம்ங்கிறது நம்ம விருந்துக்குப் பின்னணி. ரொம்ப முக்கியமான பின்னணி. பூ வைக்கிறோமில்லையா, அந்த மாதிரி. சொல்லப்போனா பூவுக்கு நாங்க காசு குடுக்கணும். ஓட்டுறவங்க அவங்களே காசு கட்டிட்டு வந்து ஓட்டறாங்க. மூலையில எச்சரிக்கைக் கொடி பிடிக்கிறவங்க ஒரு ரொட்டிக்கு நாள் முழுக்க நிக்கறாங்க. இவ்வளவு மலிவான அலங்காரம் உலகத்துல எங்கயும் கிடையாது. அந்த மிச்சம் எல்லாத்தையும் உங்களுக்குத்தான் திருப்பித் தர்றோம்!"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. வாத்லேயும் எழுந்தார். நானும் எழுந்தேன், ஆனால் வேறு காரணத்துக்கு. அங்கேயிருந்து போய்விடுவதற்கு.

கழிவறைக்குப் போனேன். பளிங்குத் தரை, தாமிரக் குழாய், துவாலை நீட்ட ஓர் ஆள். கடைசி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. தேனீ இரைச்சல் இல்லை, நிஜச் சத்தம். நிமிர்ந்தேன். கூரையை ஒட்டி, கை அகலத்தில், காற்றோட்டத்துக்காக ஒரு சின்ன ஜன்னல். கட்டியவன் மறந்துபோய் விட்டிருக்க வேண்டும்.

கழிவறைக் கோப்பைமேல் ஏறி நின்றேன். கழுத்தை நீட்டினேன்.

என் கொண்டை ஊசி வளைவு! அதே வளைவு, அதே வேலி, அதே ஓட்டை. திடலின் மறுபக்கம் வெயில் அடிக்க, இந்த மூலையில் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மழை எப்போதும் அப்படித்தான். வேலியோரம் ஆரஞ்சு மழைக்கோட்டில் கொடியோடு ஒருத்தன் நின்றான். ஃபிர்மேன்! என் பால்ய சிநேகிதன். இத்தனை வருடமாகச் சம்பளமில்லாமல் அதே மூலையில் கொடி பிடிக்கிறவன். "எட்டாயிரமா? எங்கூட வந்து நில்லுடா, ரொட்டியில பாதி தர்றேன்" என்று அதற்கு முந்தின வாரம் என்னைக் கிண்டல் பண்ணியவன்.

கார்கள் வந்தன. கடைசியாக, வெகு தூரம் தள்ளி, வெள்ளைக் கார். என் ஓரியான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் அவளுக்கு முன்னால் இருந்த தூரம் குறைந்திருந்தது. அதற்கடுத்த சுற்றில் ஒருவனைப் பிடித்தாள். பிறகு ஒவ்வொரு தடவையும், அந்த வளைவில், அந்த மழையில், மற்றவர்கள் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற இடத்தில் அவள் எடுக்கவில்லை. வெளிப்பக்கமாகப் போனாள். யாரும் போகாத ஈரத்தில் காரை வைத்து, ஒரே வளைவில் இரண்டு பேரைத் தாண்டினாள். ஃபிர்மேன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினான். அது விதிக்கு விரோதம், அவன் விதி மீறி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டாயிரத்து நானூறும் அறுநூறும் போனால் போகட்டும், என் பெண்ணைப் பாருங்கடா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

வாத்லே! வாத்லே பார்க்க வேண்டுமே!

குதித்து இறங்கி ஓடினேன். துவாலைக்காரன் கூப்பிடக் கூப்பிட ஓடினேன். கூடத்தில் உரை முடிந்து ஒரு பொம்மைக் காரைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். உள்ளே உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் திரையில் மால்ரூ திடல் ஓடும், ஸ்டியரிங் பிடித்து ஓட்டலாம். உள்ளே வாத்லே இருந்தார். வியர்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் வாங்க. ஓரியான் ஓட்டறா. தெரியுது சார், நேர்ல தெரியுது!"

"எங்கய்யா?"

"கழிவறையில சார். மேல ஒரு ஜன்னல் இருக்கு. கோப்பைமேல ஏறி நின்னா..."

"யோவ், நான் கொண்டை ஊசிக்கு வந்துட்டேன், இப்பப் போய்ப் பேசறியே!"

"அதே கொண்டை ஊசிதான் சார்! அங்க நிஜமா..."

அவர் பொம்மைக் காரைச் சுவரில் மோதினார். ஓட்டல் முதலாளிகள் ஆஹா என்று கைதட்டினார்கள். வாத்லே இறங்காமல், இன்னொரு தடவை, என்று விரலைக் காட்டினார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஸ்பான்சரின் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாதே. தேனீ இரைச்சல் மெல்ல அடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து வாத்லே என்னைத் தேடிவந்து தோளில் கை போட்டார்.

"கிஸ்லேன், முடிவு பண்ணிட்டேன்யா. கையெழுத்தும் போட்டுட்டேன்."

"சார்! ஓரியானுக்கா?"

"ஓரியானாலதான்! அந்த ஓட்டல்காரங்க என் மெத்தை வேணுங்கிறாங்க. முப்பது வருஷமா அவங்க வாசப்படி ஏறினேன், தண்ணிகூடக் குடுக்கல. இன்னிக்கு அவங்களே வந்து கை குடுத்தாங்க. இது மாதிரி இடம் உலகத்துல உண்டா? முகடு தளத்துல ஒரு மேசை எடுத்துட்டேன். பத்து நாற்காலி. மூணு வருஷத்துக்கு." கண் சிமிட்டினார். "ஜன்னலோட!"

"சார், நீங்க அவளுக்கு ஒதுக்கி வச்சிருந்த பணம்..."

"அதைத்தான்யா போட்டேன். இன்னும் கொஞ்சம் மேலயும் ஆச்சு. நீ ஒண்ணும் வருத்தப்படாத, உனக்கு ஒரு நாற்காலி எப்பவும் உண்டு."

அப்போது ஓரியான் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு சின்னப் பரிசுக் கோப்பை. மூன்றாவது இடம். பிட்டிலிருந்து கடைசியாகக் கிளம்பி மூன்றாவது! இளையோருக்கான பரிசை லாரிகளுக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார்களாம். அவள் கண் என்மேல் இல்லை, வாத்லேமேல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளையின் கண்.

வாத்லே கோப்பையைப் பார்த்தார். ஈரத்தைப் பார்த்தார்.

"அட," என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு, "நீங்க பந்தயத்துலயும் ஓட்டினீங்களா?"

ஓரியான் என்னைப் பார்த்தாள். நான் கம்பளத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

கோலார் தானாகவே எங்களிடம் வந்தார். விருந்தினர்களிடம் கருத்துக் கேட்டார்களாம். அன்றைய நாளில் வறுவலுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் பிடித்தது ஓரியான்தானாம். "எங்களோட நிரந்தர ஓட்டுநரா வாங்க மேடம். உடுப்பு நாங்க தர்றோம், தலைக்கவசம் தர்றோம், மாசாமாசம் சம்பளம் தர்றோம்."

"கார்?" என்று கேட்டாள் ஓரியான்.

"அந்த ஆபத்தெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார் கோலார் அன்பாக.

குளிர்காலத்தில் அவளுடைய சீட் ஒரு வங்கிக்காரர் மகனுக்குப் போயிற்று. நல்ல பையன்தான், மழையில் மட்டும் பிரேக்கை விட மாட்டான். ஓரியான் கொஞ்ச நாள் என்னோடு பெட்ரோல் பங்கில் வறுவல் போட்டாள். ஒருநாள் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, விக்கறதுக்கு இன்னொரு வண்டியும் இல்ல. கோலார் குடுக்கறேன்னது சம்பளம்ப்பா" என்றாள். கோலாரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

இந்தக் கோடையில் வாத்லே வாக்குத் தவறாமல் எனக்கு நாற்காலி அனுப்பினார். போனேன். டயர் தைலக் குகையைத் தாண்டி, என் நாற்காலி இருந்த முகட்டில் நிற்காமல், மூன்றாவது மாடிவரை படியேறினேன். அடிவாரம் தளத்தின் வாசலில் வெள்ளை உடுப்பில், தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மகள் நின்றாள். அவளோடு படம் எடுக்க வரிசை நின்றது. நானும் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. பக்கத்தில் நின்றேன். படம் எடுக்கிறவன் கையைத் தூக்கினான்.

"மால்ரூவுக்கு முதல் தடவையா வர்றீங்களா சார்?" என்று கேட்டாள் ஓரியான். எல்லோரிடமும் அதையே கேட்க வேண்டும் என்பது உத்தரவு. பல் தெரியச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், அடுத்ததை எனக்கு மட்டும் சொன்னாள்.

"போன பந்தயம்வரைக்கும் இளையோர் ஓடறப்ப கோராலி கதவுல காவல் நிப்பாப்பா. நான் ஆம்பளைங்க கழிவறைக்குள்ள போய்க் கோப்பைமேல ஏறிப் பாத்துட்டு வந்துடுவேன். அந்த ஜன்னலைச் செங்கல் வச்சு மூடிட்டாங்கப்பா."

"சார், பின்னாடி நிறையப் பேர் இருக்காங்க" என்றான் படம் எடுக்கிறவன்.

நான் நகர்ந்துகொண்டேன்.